தலையிடா நெறியும் மொழிபெயர்ப்பும்: ‘ஸ்டார் டிரெக்’ தொடர் பற்றிய தரவாதம் அந்தமான் நோக்கில்

0. முன்னுரை

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தரம் குறித்துச் சுவைஞர்கள் நிகழ்த்தும் பூசல் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராய்தற்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும் 1966 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, பல கிளைத்தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் அறுபதாண்டுக் கால அளவில் விரிந்துள்ள ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அறிவியல் புனைவு இவ்வையத்திற்கு விடையாக அமைகிறது. விண்வெளியில் வேற்று மக்களைச் சந்தித்தலே இத்தொடரின் கதைப்பொருள். சந்திப்பு என்றவுடன் மொழி வருகிறது. மொழி என்றவுடன் மொழிபெயர்ப்பு வருகிறது. ஆகவே, தொடரின் எப்பகுதி சிறந்தது, எப்பகுதி தாழ்ந்தது என்னும் வாதம் பலவிடங்களில், அதில் ஈடுபடுவோர் அறிந்தோ அறியாமலோ, மொழிபெயர்ப்பு பற்றிய வாதமாகவே மாறிவிடுகிறது.

1980களில் தூர்தர்ஷன் வழியாக இந்தியப் பார்வையாளருக்கும் அறிமுகமான இத்தொடரைப் பற்றிய தரவாதத்தை அந்தமான் தீவுகளின் பட்டறிவோடு ஒப்புநோக்க இக்கட்டுரை முற்படுகிறது. தொடர் கற்பனையில் வகுத்துக்கொண்ட ‘தலையிடாமை’ என்னும் நெறி சட்டமாகவும் நடைமுறையாகவும் நிலவும் இடம் அந்தமான் என்பதே இவ்வொப்பீட்டிற்கு அடிப்படை.

1. தரவாதத்தின் அளவுகோல்கள்

சுவைஞர் வாதங்களில் மூன்று அளவுகோல்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. முதலாவது முரணின்மை. முன்னர்க் காட்டப்பட்டதற்கு மாறாகப் பின்னர்க் காட்டுதல் குற்றம் எனக் கொள்ளப்படுகிறது. 1960களின் தொடரில் ஏனைய மாந்தரைப் போன்றே இருந்த கிளிங்கான் இனத்தாரின் நெற்றி, 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் முகடுகள் உடையதாக மாறிற்று. ஒப்பனைக்கலை வளர்ச்சியே இம்மாற்றத்திற்குக் காரணம். ஆயினும் சுவைஞர்கள் கதைக்குள்ளேயே காரணம் தேடினர்; 2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடர் இரு பகுதிகளில் நோய் ஒன்றைக் காரணமாகப் படைத்து அம்முரணைத் தீர்த்தது. இது தமிழ் மரபிற்குப் புதியதன்று. நூலுள் மாறுகொளக் கூறல் போலத் தோன்றுவதை உரையாசிரியர் அமைதி கூறித் தீர்ப்பதும், தீராதவழி இடைச்செருகல் என ஒதுக்குவதும் நாம் அறிந்தவையே.

இரண்டாவது அளவுகோல் நெறிப்பற்று. தொடர் தான் அறிவித்த அறத்தைத் தானே காக்கிறதா என்பது வினா. வளர்ச்சியில் பின்தங்கிய உலகங்களின் வாழ்வில் விண்கலத்தார் தலையிடலாகாது என்னும் ‘பிரைம் டைரெக்டிவ்’ 1967இல் ஒளிபரப்பான பகுதியொன்றிலேயே பெயர் குறித்துச் சுட்டப்பட்டது. ஆனால் முதல் தொடரின் தலைவன் கர்க் அதனைப் பலமுறை மீறினான் என்பது சுவைஞர்களின் நீங்காத குற்றச்சாட்டு. 1987இல் தொடங்கிய ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் தலைவன் பிக்கார்டோ அதனை அளவுக்கு மீறி இறுகப் பற்றினான் என்பது அதற்கு எதிர்நிலையான குற்றச்சாட்டு.

மூன்றாவது அளவுகோல் வெளிப்படையாகக் கூறப்படுவது குறைவு, ஆயினும் ஆழமானது. வேற்றாரின் பேச்சிற்குக் கதை எவ்வளவு எடை தருகிறது என்பதே அது. முதலிரண்டு அளவுகோல்களும் இம்மூன்றாவதைச் சார்ந்தே பொருள் பெறுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. மொழிபெயர்ப்புக் கருவி என்னும் வசதி

இத்தொடரில் விண்கலத்தார் எவ்வுலகிற்குச் சென்றாலும் அங்குள்ளார் ஆங்கிலமே பேசுவதாகக் கேட்கிறது. எம்மொழியையும் நொடியில் பெயர்க்கும் கருவி ஒன்று இதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. இதனைக் குறையெனக் கூறும் சுவைஞரும் உளர். நாடக வழக்கென ஏற்கும் சுவைஞரும் உளர். பின்னவர் கூற்றில் உண்மை உண்டு. கம்பன் காவியத்தில் அயோத்தியாரும் வேடரும் வானரரும் அரக்கரும் ஒரே தமிழில் உரையாடுகின்றனர்; எவரும் அதனைக் குறையாகக் கொள்வதில்லை. எனினும், வான்மீகியின் அனுமன் அசோகவனத்தில் சீதையிடம் எம்மொழியில் பேசுவது என்று தன்னுள் ஆராய்வதும், கற்றோர் மொழியில் பேசின் தன்னை இராவணன் என அவள் அஞ்சக்கூடும் எனத் தயங்குவதும் கருதத்தக்கவை. மொழித்தேர்வு சிக்கலாகும் அவ்விடத்தில் காட்சி செறிவு பெறுகிறது. வழக்கு என்னும் வசதியைக் கதை ஒருகணம் கைவிடும்போது அதன் தரம் உயர்வதை இச்சான்று காட்டும்.

கருவியின் வசதி இன்னொன்றையும் மறைக்கிறது. அஃது அயலார் இட்ட பெயர் என்னும் சிக்கல். தொடரில் ஒவ்வோர் இனத்தாரும் தம் பெயரைத் தாமே கூறுகின்றனர். அந்தமானில் நிலைமை வேறு. ‘ஜாரவா’ என்பது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அன்று. அயலார் எனப் பொருள்படும் ‘அக்கா-பேயா’ மொழிச்சொல் ஆங்கிலேயர் வழியாக நிலைத்தது. அவர்கள் தம்மை ‘ஆங்’ என்பர். வட சென்டினல் தீவினரை நாம் ‘சென்டினலியர்’ என்பது தீவிற்கு ஐரோப்பியர் இட்ட பெயரால் வந்தது. அவர்கள் தம்மை எவ்வாறு அழைத்துக்கொள்கின்றனர் என்பது வெளியுலகிற்குத் தெரியாது. பெயரே மொழிபெயர்க்கப்படாத மக்கள் என்னும் கருத்து, கருவியை நம்பிய கதைக்கு எட்டாதது.

3. 1991: ஈர் நிகழ்வுகள்

1991ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிகழ்வுகள் நடந்தன. அவ்வாண்டு சனவரி 4ஆம் நாள் இந்திய மானிடவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மதுமாலா சட்டோபாத்யாய் உள்ளிட்ட குழு வட சென்டினல் கரையை அணுகிற்று. நீரில் மிதக்கவிட்ட தேங்காய்களைத் தீவினர் இறங்கி வந்து எடுத்துக்கொண்டனர். 1967இல் டி. என். பண்டிட் பங்கேற்ற பயணம் முதலாக, கரையில் பொருள்களை வைத்துத் திரும்பும் முயற்சிகள் நடந்திருந்தன. இம்முறை தீவினர் எதிர்ப்பின்றி அருகில் வந்தனர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் ‘டார்மோக்’ என்னும் பகுதி ஒளிபரப்பாயிற்று. தமாரியர் என்னும் இனத்தாரின் சொற்களைக் கருவி பெயர்த்துவிடுகிறது. ஆனால் பொருள் விளங்கவில்லை. அவர்கள் தம் பழங்கதைகளின் மாந்தர் பெயர்களையும் இடப்பெயர்களையும் கொண்டே எதனையும் கூறுபவர்கள். அவர்களின் தலைவன் பிக்கார்டைத் தன்னோடு ஒரு கோளில் இறக்கி, இருவரும் பொதுப்பகை ஒன்றை எதிர்கொள்ளும் சூழலை உண்டாக்குகிறான். பொருளைப் புரியவைக்கும் முயற்சியிலேயே உயிர் துறக்கிறான். சுவைஞர்கள் இத்தொடரின் தலைசிறந்த பகுதிகளுள் ஒன்றாக இதனைப் போற்றுவது வழக்கம்.

இப்பகுதிக்கு எதிரான வாதமும் சுவைஞரிடையே வலுவாக உண்டு. கதைக்குறிப்பால் மட்டுமே பேசுவோர் அக்கதைகளைத் தம் குழந்தைகளுக்கு எம்மொழியில் கூறுவர்? விண்கலம் செலுத்துதற்கு வேண்டிய அளவையும் எண்ணையும் எங்ஙனம் குறிப்பர்? மொழியியல் நோக்கில் இவ்வினாக்கள் நேர்மையானவை. தமிழில் ‘சகுனி வேலை’ என்றும் ‘கும்பகர்ணத் தூக்கம்’ என்றும் கூறுகிறோம். கதையறியாத அயலாருக்கு அவற்றின் சொற்பொருள் கிட்டும், கருத்து கிட்டாது. ஆனால் அவை மொழியின் ஒரு பகுதியே. முழுமொழியும் ஆதல் இயலாது. ஆகவே தமாரிய மொழி மொழியாக நில்லாது. அஃது மொழிபெயர்ப்பின் ஓர் உண்மையைப் பெரிதாக்கிக் காட்டும் உருவகமாகவே நிற்கும். அவ்வுண்மை, சொல் பெயர்ந்தபின்னும் பொருள் பெயராமல் எஞ்சக்கூடும் என்பது.

ஈர் நிகழ்வுகளையும் ஒப்பிடின் வேறுபாடு புலப்படும். தமாரியத் தலைவன் தன்னை விளக்க விரும்பினான்; அதற்காகவே மறுதரப்பை அழைத்துச் சென்றான். வட சென்டினல் கரையில் அணுகியவர் வெளியார், தீவினர் அழைக்கவில்லை. தேங்காயை எடுத்துக்கொண்ட செயல் ‘நட்பு’ எனப் பெயர்க்கப்பட்டது. எடுத்துக்கொள்ளல் என்னும் செயலிலிருந்து நட்பு என்னும் பொருளைப் பெற்றது பெயர்ப்பவரின் ஊகம். மூலமொழி ஒரு சொல்லும் அறியப்படாத நிலையில் இலக்குமொழியில் மட்டும் எழுதப்பட்ட மொழிபெயர்ப்பு அது. பரிசுப் பயணங்கள் 1990களின் இடைப்பகுதிக்குப் பின் நிறுத்தப்பட்டமை இவ்வூகத்தின் எல்லையை ஆட்சியாளர் உணர்ந்தமையையும் காட்டுவதாகக் கொள்ளலாம்.

4. மறுக்கும் நெறியும் கேட்கும் நோயாளியும்

நெறிப்பற்று என்னும் அளவுகோலால் மிகுதியாகப் பூசலுக்குள்ளான பகுதி 2002 சனவரியில் ஒளிபரப்பான ‘டியர் டாக்டர்’. வலாக்கியர் என்னும் மக்கள் மரபணுநோயால் அழிந்து வருகின்றனர். விண்கலத்தாரை நாடி மருந்து வேண்டுகின்றனர். அதே கோளில் வாழும் மெங்க் என்னும் மக்கள் எதிர்காலத்தில் வளர்ச்சி பெறக்கூடியவர்கள். மருத்துவர் மருந்தைக் கண்டுபிடித்த பின்னும், இயற்கையின் போக்கில் தலையிடலாகாது என அது மறைக்கப்படுகிறது. துன்பத்தைத் தணிக்கும் மருந்து மட்டும் தரப்படுகிறது. நெறியின் அருமையை உணர்த்தும் துணிவான கதை என ஒரு சாரார் கூறுவர். பரிணாமத்தை இலக்கு உடையதாகத் திரித்து, கொலைக்கு ஒப்பான செயலை அறமாக்கிய கதை என மறுசாரார் கூறுவர்.

அந்தமான் வரலாறு இவ்வாதத்திற்குத் தரும் ஒளி பெரிது. 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவியபின் பெரிய அந்தமானியரிடையே புதிய நோய்கள் பரவின. 1877ஆம் ஆண்டின் தட்டம்மை அவற்றுள் கொடியது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625ஆக இருந்த அவர்தம் எண்ணிக்கை 1961இல் 19ஆகக் குறைந்தது. 1880இல் போர்ட்மன் என்னும் ஆங்கில அலுவலர் வட சென்டினலிலிருந்து முதிய இணையர் இருவரையும் குழந்தைகள் நால்வரையும் பிடித்து வந்தார். முதியவர் இருவரும் நோயுற்று இறந்தனர். குழந்தைகள் பரிசுப்பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். தலையிடாமை இங்கு மெய்யியல் கோட்பாடாகத் தோன்றவில்லை; தலையீட்டின் விளைவைக் கண்டபின் பிறந்த எச்சரிக்கையாகத் தோன்றிற்று. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அத்தொடர் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, அயலார் நுழைவைத் தடுத்தது.

ஆயின் 1999இல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியபோது மருத்துவம் மறுக்கப்படவில்லை. காட்டிலிருந்து வெளிவரத் தொடங்கியிருந்த அவர்கள் மருத்துவமனைகளில் பேணப்பட்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் வகுக்கப்பட்ட ஜாரவா கொள்கையும் தலையீட்டைக் குறைத்தலையே நோக்கமாகக் கொண்டபோதிலும், நோய்க்கு உதவுதலை விலக்கவில்லை. நோயைக் கொண்டுவந்தவர் வெளியார் எனின், மருந்தைக் கொண்டுவருதல் புதிய தலையீடாகாது. பழைய தலையீட்டிற்குக் கழுவாயாகும். ‘டியர் டாக்டர்’ பகுதியின் குறை இங்கு விளங்கும். அதில் வலாக்கியர் பேசுகின்றனர், வேண்டுகின்றனர், கருவியின் துணையால் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. விளங்கிய பின் அச்சொல்லுக்கு எடை தரப்படவில்லை. மொழிபெயர்ப்பு முழுமையாக நிகழ்ந்தும் கேட்டல் நிகழவில்லை. முன்னர்க் கூறிய மூன்றாவது அளவுகோலால் அப்பகுதி தோல்வியுறுகிறது.

மறுதலையாக வட சென்டினலில் சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் செயல் விளங்குகிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் தீவினர் நிலையறியச் சென்ற கடலோரக் காவல்படை உலங்கூர்தியை நோக்கி ஒருவர் வில்லை உயர்த்தினார். தொலைவில் இருந்து கண்காணித்தல், கைவைக்காதிருத்தல் என்னும் இன்றைய நடைமுறை, அவ்வகைச் செயல்களை மறுப்பு எனப் பெயர்த்து அதற்கு இணங்குகிறது. இதுவும் மொழிபெயர்ப்பே, பிழைபடக்கூடியதே. ஆனால் பிழைபடினும் திருத்தக்கூடிய மொழிபெயர்ப்பு. 2018 நவம்பரில் சமயப்பரப்பு நோக்குடன் நுழைந்து உயிரிழந்த அமெரிக்கரின் செயலும், 2025 மார்ச்சில் மற்றோர் அமெரிக்கர் தேங்காயையும் குளிர்பானத்தையும் கரையில் வைத்துத் திரும்பிக் கைதான செயலும், மறுதரப்பின் விடையைத் தாமே எழுதிக்கொண்டவர் செயல்கள்.

நெறியைப் புகழ்ந்து அமைதல் போதாது என்பதையும் கூறவேண்டும். ஜாரவா காப்பகத்தின் ஊடாகச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையின் அப்பகுதியை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் ஆண்டுக்கணக்கில் ஊர்திகள் ஓடின. கர்க் நெறியை மீறினான் எனக் குறைகூறும் சுவைஞர், எழுதிய நெறிக்கும் இயங்கும் நெறிக்கும் இடையிலான அகலம் கதையில் மட்டும் உள்ளதன்று என்பதை இங்குக் காணலாம்.

5. படைத்த மொழியும் மறையும் மொழியும்

2017இல் தொடங்கிய ‘டிஸ்கவரி’ தொடரின் முதற்பருவத்தில் கிளிங்கானியர் நெடுநேரம் தம் மொழியிலேயே உரையாட, பொருள் திரையின் அடியில் எழுத்தாக வந்தது. கதையோட்டம் தளர்ந்தது எனச் சிலர் வெறுத்தனர். அயலாரை அயலாராகவே கேட்கச் செய்தது எனச் சிலர் வரவேற்றனர். அம்மொழியை 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்காக விரித்தமைத்தவர் மார்க் ஓக்ராண்ட். அதன் அகராதி 1985இல் வெளிவந்தது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்னும் உலகில் அரிதான சொல்லொழுங்கை அவர் அதற்குத் தந்தார். தமிழர்க்கு அயலாக ஒலியாத நாவளை ஒலிகளும் அதில் உண்டு. ஓக்ராண்ட் தம் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்தது, கலிபோர்னியாவில் பேசுவோர் அற்றுப்போன முட்சுன் என்னும் மொழியின் இலக்கணம். அற்ற மொழியின் ஏடுகளில் பயின்றவர் இல்லாத மக்களுக்கு மொழி படைத்தார் என்பது இவ்வாதத்தில் நினைக்கத்தக்கது.

ஏனெனில் அந்தமானில் உள்ள மக்களின் மொழி அக்கால அளவிலேயே மறைந்தது. அக்கா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 சனவரி 26இல் காலமானார். பெரிய அந்தமானிய மொழியை ஆராய்ந்து இலக்கணமும் அகராதியும் வெளியிட்ட அன்விதா அப்பி, உடலின் பகுதிகளை ஏழு வகையாகப் பிரித்து, அவற்றைக் குறிக்கும் முன்னொட்டுகளால் பெயரும் வினையும் பிறவும் அமையும் முறையை அதில் விளக்கியுள்ளார். திரைக்கெனப் படைத்த மொழி சொல்லொழுங்கைத் தலைகீழாக்கிப் புதுமை காட்டிற்று. மனித உடலையே இலக்கணத்தின் அடிச்சட்டமாக்கிய மொழி போர்ட் பிளேயர் அருகிலேயே பேசப்பட்டு வந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாக உடைய இத்தீவுகளில், அம்மொழி தமிழில் அறிமுகப்படுத்தப்படுதல் ஒரு தேவை.

6. கலைச்சொல் தேர்வு

இத்தரவாதத்தைத் தமிழில் நிகழ்த்த முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது ‘பிரைம் டைரெக்டிவ்’ என்பதற்கு நிகரான சொல். ‘முதன்மை ஆணை’ என்பது கதையின் படைமுறைச் சூழலுக்குப் பொருந்தும்; ஆணையிடுவோர் ஒருவர் மேலிருப்பதை அது உணர்த்தும். ‘முதல் விதி’ எனின் சட்டமும் ஊழும் ஒருங்கே ஒலிக்கும். 1989ஆம் ஆண்டின் ‘பென் பால்ஸ்’ பகுதியில் அழியும் உலகைக் காப்பது ஊழில் தலையிடுவதாகுமா எனக் கலத்தின் அலுவலர் வாதிடுதலை நோக்கின், அவ்விரட்டைப் பொருள் அங்கு நயமாகும், பிறவிடங்களில் குழப்பமாகும். ‘தலையிடா நெறி’ என்பது ஆணையின் வன்மையைக் குறைத்து, தானே ஏற்றுக்கொண்ட ஒழுக்கம் என்னும் பொருளைத் தருகிறது. கர்க் மீறியது ஆணையையா, பிக்கார்ட் காத்தது நெறியையா என்பதே சுவைஞர் பூசலின் உட்கிடை. ஆதலால் ஒரே சொல்லை எங்கும் ஆள்வதினும், படைத்தலைமை பேசுமிடத்து ‘முதன்மை ஆணை’ என்றும், அறம் பேசுமிடத்து ‘தலையிடா நெறி’ என்றும் ஆளுதல் தகும். சீர்மை குன்றும் என்னும் தடை எழலாம். மூலத்தில் ஒரு சொல்லுள் மறைந்து கிடக்கும் பூசலைத் தமிழ் வெளிப்படுத்துமாயின் அவ்விழப்பு ஈடுசெய்யப்படும்.

7. முடிவுரை

சுவைஞரின் தரவாதத்தை முரண் எண்ணும் பொழுதுபோக்கு எனத் தள்ளுதல் முறையன்று. நெற்றி முகடு பற்றிய வாதம் உரைமரபை ஒத்தது. நெறி பற்றிய வாதம் அறநூல் விசாரணையை ஒத்தது. இவ்விரண்டையும் தாங்கி நிற்பது, வேற்றாரின் பேச்சு கேட்கப்பட்டதா என்னும் வினா. ‘டார்மோக்’ அவ்வினாவை எழுப்பியதால், மொழியியல் குறைகளோடும் நிலைபெற்றது. ‘டியர் டாக்டர்’ வேண்டுகோளைக் கேட்டும் கேளாததால், திறமான அமைப்பிருந்தும் ஐயத்திற்குள்ளாகிறது.

கற்பனையில் மொழித்தடையை நீக்கிய பின்னரே அறச்சிக்கல் தொடங்குகிறது. அந்தமானில் மொழித்தடையே அறச்சிக்கலின் பெரும்பகுதி. வட சென்டினல் மக்களின் மொழியில் ஒரு சொல்லும் அறியாத நிலையில், அவர்களைப் பற்றிய எக்கூற்றும் ஒருபக்க மொழிபெயர்ப்பு என்னும் தன்னுணர்வோடே எழுதப்படவேண்டும். அக்கரையை அணுகாமலிருத்தலை அறியாமையை ஒப்புக்கொள்ளும் ஒழுக்கமாகக் கருதுவதும், பேச்சாளர் வாழும் ஓங்கே, ஜாரவா, நிக்கோபாரி மொழிகளைப் பேசுவோர் விருப்பத்தோடு பதிந்து கற்பதும் இன்று செய்யத்தக்க பணிகள். அம்மொழிகளுள் எதுவும் முட்சுன் போல ஏட்டில் மட்டும் எஞ்சும் நிலை வரலாகாது.